லாவெண்டரும் ரோஸ்மேரியும்: கடற்கரையிலும் சமவெளியிலும் மலையிலும் வளர்க்கும் முறை

ரோஸ்மேரியின் இலை ஒன்றைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் கரும்பச்சையாகத் தோல்போலத் தடித்திருக்கும். விளிம்புகள் இரண்டும் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். அடிப்புறத்தில் மாவு தடவினாற்போல வெண்ணிற நுண்மயிர் அடர்ந்திருக்கும். குடித்த நீரை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் இலை இது. குளிர்காலத்தில் மட்டும் மழை பெய்து, கோடை முழுவதும் வானம் வறண்டு கிடக்கும் மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகள்தாம் இந்தச் செடியின் தாயகம். லாவெண்டரும் ஏறத்தாழ அதே நிலத்தைச் சேர்ந்ததுதான். இரண்டும் நம் துளசியின் குடும்பத்துச் செடிகள் என்றாலும், துளசி மாடத்துக்கு ஊற்றுவதுபோல நாள்தோறும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் இரண்டுமே பிழைக்கமாட்டா.

சென்னையில் நான் முதன்முதலாக வாங்கிய ரோஸ்மேரி மூன்று வாரத்தில் செத்துப்போனது. நுனிகள் தளர்ந்ததைக் கண்டதும் வெயிலில் வாடுகிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் பச்சையாகவே இருந்ததால் செடி உயிரோடு இருப்பதாகவும் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து, விரலால் இழுத்ததும் மேல்தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்தது. மண்ணில் சாக்கடை வாடை அடித்தது. இந்த இலைக்கு எளிதில் வாடத் தெரியாது என்பதால், வேர் அழுகிய செய்தி நமக்கு மிகத் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த வேரை அழுகாமல் காப்பதற்கானவை.

முதற்படி: ஊருக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுத்தல்

லாவெண்டர் என்ற பெயரில் பல இனங்கள் விற்கப்படுகின்றன. படங்களில் நாம் காணும் ஊதாநிற வயல்களில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில லாவெண்டரும் அதன் கலப்பினமான லாவண்டினும் ஆகும். ஆங்கில லாவெண்டர், பெயர் எப்படி இருந்தாலும், தெற்கு ஐரோப்பிய மலைகளுக்கு உரியது. பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் அது உயரமான மேட்டுநிலங்களில்தான் சிறக்கிறது. தாழ்ந்த இடங்களில் லாவண்டினையே பயிரிடுகிறார்கள். இந்தியாவில் ஜம்முவின் தோடா மாவட்டத்தில் உள்ள பதர்வா பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் விளைந்த நிலங்களில் இப்போது லாவெண்டர் விளைகிறது. ஊதாப் புரட்சி என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அங்கே குளிர்காலத்தில் பனி பொழிகிறது. இந்த இனம் நன்றாகப் பூக்க வேண்டுமானால் சில வாரங்களாவது கடுங்குளிர் வேண்டும்.

ஆகவே சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஆங்கில லாவெண்டரை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஈரக்காற்றில் அடியிலைகள் சாம்பல்நிறமாகி அழுகும். தப்பிப் பிழைத்தாலும் பூக்காது. லாவெண்டர்தான் வேண்டும் என்றால், இலை விளிம்பு ரம்பம்போல வெட்டுப்பட்டிருக்கும் பிரெஞ்சு லாவெண்டரைக் கேட்டு வாங்குங்கள். பூக்கக் குளிரை எதிர்பார்க்காத இனம் அது. மணத்தில் கற்பூர வாடை சற்றுத் தூக்கலாக இருக்கும். ரோஸ்மேரிக்கோ உப்புக்காற்று பழக்கமானது. அதன் பழைய லத்தீன் பெயருக்குக் ‘கடலின் பனித்துளி’ என்று பொருள் கூறுவார்கள். கடலோரத்தில் முதன்முறையாக வளர்க்கத் தொடங்குபவர்கள் ரோஸ்மேரியில் கை பழகிவிட்டு லாவெண்டருக்குப் போவது நல்லது.

கோயம்புத்தூர், மதுரை, திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் வெயில் கூடுதலாக இருந்தாலும் காற்று உலர்ந்திருப்பதால் வேலை எளிதாகிறது. நீலகிரி, கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா ஆகிய இடங்களில் தட்பவெப்பம் இரண்டுக்குமே ஒத்துவரும். நீலகிரியில் ரோஸ்மேரியை வணிகப் பயிராகவே வளர்க்கிறார்கள். மலையில் சிக்கல் மண்ணில்தான் இருக்கிறது: தேயிலைக்கு உகந்த புளிப்பு மண், அதாவது அமில மண், லாவெண்டருக்கு ஆகாது. அங்கே நிலத்தில் நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, தேயிலைத் தோட்டங்களில் இடுகிற டோலமைட்டையோ வேளாண் சுண்ணாம்பையோ கலந்து வைக்க வேண்டும்.

டொராண்டோ போன்ற உறைபனி ஊர்களில் வாழும் வாசகர்களுக்கு நிலைமை தலைகீழாகிறது. மன்ஸ்டெட், ஹிட்கோட் ஆகிய ஆங்கில லாவெண்டர் வகைகள் பனிக்கடியில் உறங்கி வசந்தத்தில் துளிர்த்துவிடும். ரோஸ்மேரி அந்தக் குளிரைத் தாங்காது. அதைத் தொட்டியில் வளர்த்து, இலையுதிர்காலம் முடிவதற்குள் வீட்டுக்குள் கொண்டுவந்து, வெளிச்சம் மிகுந்த தெற்குச் சன்னலோரத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: தொட்டியும் மண்கலவையும்

எட்டு அல்லது பத்து அங்குல மண்தொட்டி போதுமானது. சுட்ட மண் நான்கு பக்கமும் ஈரத்தை வெளியேற்றும் என்பதால், பிளாஸ்டிக் தொட்டியைவிடவும் வளர்ப்புப் பையைவிடவும் அதுவே நல்லது. சிறிய கன்றைப் பெரிய தொட்டியில் நடக் கூடாது. வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நிற்கும்.

மாடித்தோட்டத்தில் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் தென்னை நார்த்தூள் கலவையை இங்கே மறந்துவிடுங்கள். கீரைக்கும் தக்காளிக்கும் அது நல்லதுதான். ஆனால் தண்ணீரைப் பஞ்சுபோலப் பிடித்து வைப்பதே அதன் குணம். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு பட்டாணி அளவில் உடைத்த செங்கல் துண்டு, அரைப் பங்குக்கும் குறைவாக நன்றாக மக்கிய தொழுவுரம் என்பது எனக்குக் கைகொடுத்த கலவை. ஆற்றுமணல் கிடைக்காத இடத்தில், கல்லை உடைத்துச் செய்யும் எம்சாண்டைப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள மாவுத்தூள் சிமென்ட்போல இறுகிவிடும் என்பதால், வாளியில் கொட்டி மூன்று நான்கு முறை அலசி, கலங்கல் நீரை இறுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கலவையைத் தொட்டியில் நிரப்பி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் அடித்துளையில் சொட்டத் தொடங்கினால் கலவை சரி. மேலே குளம்போல நின்றால் இன்னும் செங்கல் துண்டு சேர்க்க வேண்டும்.

தொட்டியின் அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஜல்லி போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதனால் வடிகால் கூடுவதில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி கொண்ட ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. அந்த எல்லையிலேயே தேங்கி நிற்கும். இதனால் ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகே உயர்ந்துவிடுகிறது. துளையின்மீது ஓர் ஓட்டுச்சில்லை வைத்தால் போதும்.

மூன்றாம் படி: விதையா, கன்றா, தண்டா?

விதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: தொடக்கநிலையில் வேண்டாம். ரோஸ்மேரி விதை குறைவாகத்தான் முளைக்கும்; லாவெண்டர் விதையை ஈரத்துணியிலோ ஈரமணலிலோ வைத்து மூன்று நான்கு வாரம் குளிர்பெட்டியில் குளிரூட்டினால்தான் ஒழுங்காக முளைக்கும்.

கன்று வாங்கி வந்தால், ஒரு வாரம் மறைவான வெளிச்சத்தில் வைத்துப் பழக்கிவிட்டு, வேரைச் சுற்றியுள்ள நார்த்தூளை விரலால் மெல்ல உதிர்த்து, நம் கலவையில் மாற்றி நட வேண்டும். அப்படியே நட்டால் சுற்றிலும் உலர்ந்த மண், நடுவில் மட்டும் நனைந்த நார்த்தூள் உருண்டை என்றாகிவிடும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் புதையக் கூடாது.

நண்பர் வீட்டில் செடி இருந்தால் தண்டு வாங்குவது இன்னும் நல்லது. உங்கள் ஊரின் காற்றுக்குப் பழகிய செடி செலவில்லாமல் கிடைக்கிறது. பூக்காத இளங்கிளையில், வளைத்தால் ஒடியாமல் வளைந்து கொடுக்கிற பகுதியில், கணுவுக்குச் சற்றுக் கீழே நான்கு அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, ஈரமணலில் இரண்டு அங்குலம் ஆழத்துக்குச் செருகி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். வேர்விட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இடையில் பிடுங்கிப் பார்க்கும் ஆசை வரும். அதற்குப் பதிலாக நுனியில் புதுத்துளிர் வருகிறதா என்று பாருங்கள். ஐந்து தண்டு செருகினால் இரண்டு மூன்று பிழைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

நான்காம் படி: தண்ணீர்

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதுபோன்ற கணக்கு இதற்குப் பொருந்தாது. எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சியை மண்ணில் மூன்று அங்குலம் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டோ குளிர்ந்தோ வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்து வந்தால், அடித்துளையில் ஒழுகும்வரை தாராளமாக ஊற்றிவிட்டு, மறுபடி காயும்வரை விட்டுவிட வேண்டும். அரைக்குவளை அரைக்குவளையாகத் தினமும் தெளிப்பதுதான் மிகவும் கெடுதல். சில வாரங்களில் தொட்டியைத் தூக்கிப் பார்த்தே எடையால் ஈரத்தை அறியப் பழகிவிடுவீர்கள். காலையில் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் தெளித்தால் இரவு முழுவதும் ஈரம் தங்கிப் பூசணத்தை வரவழைக்கும்.

ஐந்தாம் படி: வெயிலும் மழையும்

நாளுக்கு ஆறு மணிநேரமாவது நேர்வெயில் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வரவேற்பறை மூலையில் இரண்டுமே வளரா. அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும், சிமென்ட் தளத்தின் அனல் வேரைத் தாக்காதிருக்கத் தொட்டியை இரண்டு செங்கல்மேல் ஏற்றி, பிற்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டலாம்.

கடலோர மாவட்டங்களில் கோடையைவிட ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பெரிய சோதனை. முதல் பெருமழைக்கு முன்பே தொட்டிகளைச் சன்ஷேடுக்குக் கீழே, காற்றோட்டம் தடைபடாத இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே புழுக்கம் கூடி அதுவே செடியைக் கொல்லும். புதிதாக நடுபவர்கள் இந்த மாதங்களைத் தவிர்த்துவிட்டு, பொங்கல் முடிந்ததும் தொடங்கினால் கோடைக்குள் வேர் நன்றாகப் பிடித்துவிடும்.

ஆறாம் படி: கவாத்தும் அறுவடையும்

பூத்து முடிந்ததும் லாவெண்டரை மூன்றில் ஒரு பங்கு குறைத்து வெட்ட வேண்டும். இலையில்லாத பழுப்புக் கட்டைவரை வெட்டிவிட்டால் அதிலிருந்து மறுபடி துளிர்ப்பது அரிது. ஆகவே கீழே சிறிதளவு பசுமை எஞ்சும்படி வெட்டுங்கள். ரோஸ்மேரியை அவ்வப்போது நுனி கிள்ளி வந்தாலே புதராகத் தழைக்கும். உரம் மிகக் குறைவாகவே வேண்டும். அதிகமாக இட்டால் செடி கொழுத்து வளர்ந்து மணம் மெலிந்துவிடும்.

லாவெண்டர் கதிரில் கீழ்ப்பூக்கள் விரிந்து மேல்மொட்டுகள் மூடியிருக்கும் நிலையில், காலைப் பனி உலர்ந்ததும் அறுத்து, சிறு கொத்துகளாகக் கட்டி, இருட்டான காற்றோட்டமுள்ள அறையில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் நிறமும் மணமும் போய்விடும். சென்னைக் காற்றில் இரண்டு வாரம்கூட ஆகலாம். கசக்கினால் அப்பளம்போல நொறுங்கும்வரை கண்ணாடிப் புட்டியில் அடைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும். பிரெஞ்சு லாவெண்டரைச் சமையலில் சேர்க்க வேண்டாம். துணி அலமாரிக்குப் போதும். ரோஸ்மேரியைப் பச்சையாகவே பயன்படுத்தலாம்: சின்ன உருளைக்கிழங்கை வேகவைத்து, பூண்டு தட்டிப்போட்டு வறுக்கும்போது, கறிவேப்பிலை தாளிக்கும் நேரத்தில் அதற்குப் பதிலாக ஒரு கிளையின் இலைகளை உருவிப் போட்டுப் பாருங்கள்.