டி.கே.ஏ.வை அம்புக்குறி போட்டுப் படிப்பது எப்படி?

அறிகுறிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வில் மார்க் வரும். வார்டில் நோயாளி முன் நிற்கும்போது அது கைகொடுக்காது. ஒவ்வொரு அறிகுறியையும் அதன் காரணத்தோடு அம்புக்குறியால் இணைத்துப் பழகுங்கள். டயாபடிக் கீட்டோஅசிடோசிஸ், அதாவது டி.கே.ஏ. (சர்க்கரை நோயில் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் அவசர நிலை), இப்படிப் பழக நல்ல நோய். எல்லாமே ஒரே காரணத்திலிருந்து கிளம்பும்.

ஒரு தாளின் உச்சியில் ‘இன்சுலின் போதவில்லை’ என்று எழுதுங்கள். கீழே இரண்டு பத்திகள்: இடப்பக்கம் சர்க்கரை, வலப்பக்கம் கொழுப்பு.

இடப்பக்கம்: தசைக்குள் குளுக்கோஸ் சரியாக நுழைவதில்லை, கல்லீரலோ மேலும் மேலும் தயாரிக்கிறது. இரத்தச் சர்க்கரை சுமார் 180 மி.கி.யைத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் திரும்ப உறிஞ்ச முடியாது. சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தண்ணீரையும் உப்புகளையும் சேர்த்து இழுத்துப் போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், தாகம், வறண்ட நாக்கு, வேகமான நாடி, பிறகு பிரஷர் குறைவு.

வலப்பக்கம்: கொழுப்பு உடைந்து கல்லீரலில் கீட்டோனாகிறது. அது அமிலம், அதைச் சமன்செய்ய இரத்தத்திலுள்ள காரமான பைகார்பனேட் செலவாகிறது. அமிலத்தைக் குறைக்கக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற உடல் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுகிறது. இதுதான் குஸ்மால் மூச்சு. நுரையீரல் நோய் என்று பலர் தடுமாறுவது இங்கேதான். சாச்சுரேஷன் (இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) இயல்பாக, நெஞ்சில் கூடுதல் சத்தம் எதுவும் இல்லாமல் இருந்தால் அமிலத்தை நினையுங்கள்.

இப்போது லேப் ரிப்போர்ட். சோடியம் 132, குளோரைடு 95, பைகார்பனேட் 10 என்றால் பின்னிரண்டையும் கூட்டி வரும் 105-ஐ 132-லிருந்து கழியுங்கள்: ஆனயான் கேப் (இரத்தத்தில் கூடுதல் அமிலம் இருப்பதைக் காட்டும் இடைவெளி) 27. வழக்கமாக 12-க்குள் இருக்க வேண்டியது. பைகார்பனேட் 10 ஆக இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 23-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 40 என்று வந்தால் ‘நார்மல்’ என்று விட்டுவிடாதீர்கள். நோயாளி மூச்சுவிட்டுக் களைத்துப்போகிறார். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அதிகம் தவறு நடப்பது பொட்டாசியத்தில். ரிப்போர்ட்டில் 5.2 இருக்கலாம், ஆனால் உடலின் மொத்த இருப்பு குறைந்திருக்கும். இன்சுலின் இல்லாததாலும் சர்க்கரை செல்லிலிருந்து நீரை இழுப்பதாலும் பொட்டாசியம் இரத்தத்துக்கு வந்திருக்கிறது. சிறுநீரில் போய்க்கொண்டும் இருக்கிறது. இன்சுலின் கொடுத்ததும் அது செல்லுக்குள் திரும்பும், இரத்தத்தில் அதன் அளவு சட்டென விழும், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். அதனால் 3.5-க்குக் கீழே இருந்தால் (பழைய புத்தகங்களில் 3.3) இன்சுலினை நிறுத்திவைத்து முதலில் பொட்டாசியம் ஏற்றுவார்கள். பொட்டாசியத்தை ஒருபோதும் நேரடியாக நரம்பில் ஊசியாகப் போடக்கூடாது; கலந்து, பம்பில் மெதுவாகத்தான்.

சிகிச்சையும் இதே தாளில் இருக்கிறது. நீரிழப்புக்கு 0.9% சலைன், முதல் 2–4 மணி நேரம் பொதுவாக மணிக்கு அரை முதல் 1 லிட்டர் வரை. இதய, சிறுநீரக நோயாளிக்குக் குறைவு. இன்சுலின், கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட். சர்க்கரை 250-க்குக் கீழே இறங்கியதும் டெக்ஸ்ட்ரோஸ் சேர்ப்பது ஏன்? இடப்பக்கம் சரியாகிவிட்டது, வலப்பக்கம் இன்னும் இல்லை. கீட்டோன் அடங்கும்வரை இன்சுலின் தேவை; அதுவரை சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடாது. இன்சுலின் டிரிப்பை நிறுத்துவதற்கு 1–2 மணி நேரம் முன்பே தோலடி இன்சுலின் போட வேண்டும். நரம்பு வழி இன்சுலின் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இடைவெளி விழுந்தால் கீட்டோன் திரும்ப ஏறும்.

தாளை மூடிவிட்டு உங்களையே சோதியுங்கள். டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை எடுப்பவர், சர்க்கரை 190 தான், ஆனால் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு. எந்தப் பக்கம் ஓடுகிறது? அந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதால் இடப்பக்கம் சாதுவாகத் தெரிகிறது. வலப்பக்கம் முழு வேகத்தில் ஓடுகிறது. குளுக்கோமீட்டரை நம்பி நிற்காமல் இரத்தக் கீட்டோனைப் பார்க்கச் சொல்லுங்கள்.