கடைசி ரேடியேஷன் முடிந்தது, இனி மனசை என்ன செய்வது?

என்னுடைய 15-வது ரேடியேஷன், அதுதான் கடைசி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிந்தது. எங்கள் பக்கம் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். மெஷின் அறையில் இருந்த தம்பி "அக்கா, இனிமே இந்தப் பக்கமே வராதீங்க" என்று சிரித்தான். மதுரையிலிருந்து திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது, வீட்டுக்கு வந்தால் அத்தை (மாமியார்தான்) கேசரி கிண்டி வைத்திருந்தார். சாப்பிட்டேன். அப்புறம் சாதம் எடுக்கக் குக்கரைத் திறந்தவள் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன். மார்பில் இருப்பது கேன்சர் கட்டி என்று சொன்ன அன்றுகூட இப்படி அழவில்லை. வீட்டில் எல்லாரும் அரண்டுபோய் நின்றார்கள். "எல்லாந்தான் முடிஞ்சுபோச்சே, இப்ப எதுக்கு அழுகுற?"

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை, இப்போது கொஞ்சம் இருக்கிறது. பத்து மாதம், 16 கீமோ, ஒரு ஆபரேஷன், அப்புறம் ரேடியேஷன். வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை, திங்கட்கிழமை கீமோ, நடுவில் வாந்தி, வாய்ப்புண், பஸ். தினமும் யாராவது ஒருவர் இன்றைக்கு இதைச் செய் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திடீரென்று ஒரு நாள் "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உடம்பின் வேலை முடிகிறவரை மனசு வரிசையில் நின்றுகொண்டிருந்தது, இப்போதுதான் அதன் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். அதனால் ரிப்போர்ட் நல்லபடியாக வந்து ஊரே சந்தோஷப்படும்போது உங்களுக்கு மட்டும் நெஞ்சை அடைத்தால், நீங்கள் நன்றி கெட்டவரும் இல்லை, கோழையும் இல்லை. நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகிறது, வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு மாதத்துக்குப் பெரிய திட்டம் எதுவும் போடாதீர்கள். நான் மூன்றாவது வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போய், பழைய ஆள்தான் என்று காட்டுவதற்காக ஆண்டு விழா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்தாவது நாள் ஸ்டாஃப் ரூம் மேஜையில் தலை கவிழ்ந்து தூங்கிப்போனேன். லீவு இருந்தால் எடுங்கள். முடியாதென்றால் அரை நாள் வேலையோ உட்கார்ந்து செய்கிற வேலையோ கேட்டுப் பாருங்கள்.

பயத்தைக் காகிதத்துக்கு மாற்றுங்கள்

திரும்ப வந்துவிடுமோ என்கிற பயம்தான் இதில் பெரியது, மற்றதெல்லாம் அதன் கிளைகள். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டது, இருமினால் நுரையீரல், தலை வலித்தால் சொல்லவே வேண்டாம். என்னோடு கீமோ எடுத்த ஒரு அக்கா, மாதவிடாய் நின்றவர், கேன்சர் திரும்பாமல் இருக்க லெட்ரோசோல் என்கிற, ஹார்மோனைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறார். முழங்காலும் விரல் மூட்டுகளும் வலிக்க ஆரம்பித்ததும் யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் ராத்திரி ராத்திரி அழுதிருக்கிறார். கடைசியில் அது அந்த மாத்திரையால் பலருக்கும் வருகிற மூட்டுவலி. முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

அதனால் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் மூன்றே கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்: நான் சாப்பிடுகிற மாத்திரையால் என்னென்ன வரும், எது வந்தால் உடனே ஓடி வர வேண்டும், எதற்குக் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், நினைவில் நிற்காது. எனக்குச் சொன்ன கணக்கு இது: புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதே, புதிதாக வந்த வலியோ இருமலோ இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லையென்றால் போன் பண்ணு. அந்தக் காகிதம் இன்னும் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. வலி வந்தால் காலண்டரில் ஒரு புள்ளி வைப்பேன், பெரும்பாலும் ஐந்தாறு புள்ளியில் அது காணாமல் போய்விடும்.

ராத்திரி இரண்டரை மணிக்கு வருகிற பயம் வேறு ஜாதி, அதனிடம் காகிதம் செல்லாது. படுத்துக்கொண்டே சண்டை போடாதீர்கள், எழுந்துவிடுங்கள். முகம் கழுவி, காய்ந்த துணிகளை மடியுங்கள், சுண்டல் ஊறப்போடுங்கள், கைக்கு ஏதாவது வேலை. போனை மட்டும் தொடாதீர்கள், அந்த நேரத்தில் கூகுளில் தேடினால் நல்ல பதில் வரவே வராது. இன்னொன்று எனக்கு மனநலக் கவுன்சிலர் சொல்லிக்கொடுத்தது, கேட்டபோது சிரிப்பு வந்தது, ஆனால் வேலை செய்கிறது: கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரு நேரம் ஒதுக்குவது. எனக்குச் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து 15 நிமிஷம். நோட்டில் எல்லாப் பயத்தையும் எழுதுவேன், மணி அடித்ததும் மூடிவிடுவேன். மற்ற நேரத்தில் பயம் எட்டிப் பார்த்தால் "ஐந்தரைக்கு வா" என்று சொல்லிவிடலாம். எல்லா நாளும் கேட்காது.

செக்கப் வாரம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம், ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை என்று செக்கப் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பே வயிறு பிசைய ஆரம்பிக்கும், வீட்டில் எரிந்து விழுவீர்கள், காரணம் உங்களுக்கே தெரியாது. காலண்டரைப் பார்த்தால் தெரியும். "இது செக்கப் வாரம்" என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, என் மகன் இப்போது அந்த வாரம் ரிமோட்டுக்குச் சண்டை போடுவதில்லை.

முடிந்தவரை காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்தால் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் கவரைப் பிரிக்காதீர்கள், அதில் இருக்கிற பாதி வார்த்தைகள் பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும். பார்த்து முடித்ததும் நல்ல ஹோட்டலில் நெய் ரோஸ்ட்டும் காபியும், இது எங்கள் வீட்டுச் சட்டம், ரிசல்ட் எப்படி இருந்தாலும்.

மனசு சமாதானமாக இருக்கட்டும் என்று நாமாகவே பெட் ஸ்கேன் (கேன்சர் எங்காவது இருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பார்ப்பது) எடுக்கிற பழக்கம் நிறைய பேரிடம் பார்க்கிறேன், லேப்காரர்களும் 'கேன்சர் பேக்கேஜ்' போட்டுக் கூப்பிடுகிறார்கள். ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து, எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு வழக்கமாகப் பெட் ஸ்கேனோ ட்யூமர் மார்க்கர் (கேன்சர் இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய பொருள்) ரத்தப் பரிசோதனையோ எடுக்கச் சொல்வதில்லை. டாக்டர் பரிசோதனையும் வருஷத்துக்கு ஒரு மேமோகிராமும் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே) தான் அடிப்படை. மார்க்கர் வேறு காரணத்தால் கொஞ்சம் ஏறினாலும் போதும், ஒரு மாதத் தூக்கம் போச்சு. உங்கள் நோய் வேறாக இருந்தால் கணக்கும் வேறு, உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி.

ஆட்கள்

முடி முளைக்க ஆரம்பித்த சமயம் பஸ்ஸில் ஒரு பாட்டி கேட்டார், "மொட்டை பழனியிலயா, திருப்பதியிலயா?" பழனி என்றேன். "முருகன் பாத்துக்குவான்" என்றார். எல்லாரிடமும் உண்மை சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. யாரிடம் முழுக்கதை, யாரிடம் பாதி, யாரிடம் பழனி என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதிச் சோர்வு குறையும்.

"நெகட்டிவா நினைக்காதே, நினைச்சா திரும்ப வந்துடும்" என்பார்கள். இதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வரவைத்தது, பயப்படுவதற்கே பயப்பட வைத்துவிட்டார்கள். அழுததால் கேன்சர் திரும்பி வருவதில்லை. தாராளமாக அழுங்கள். முள்சீத்தா இலைக் கஷாயம், கோதுமைப் புல் ஜூஸ் என்று வீடியோ அனுப்புகிறவர்களுக்கு "டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்ற ஒரே பதில் போதும், விவாதம் வேண்டாம். டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிற வீடு இன்னமும் இருக்கிறது. இது தொற்றுநோய் இல்லை என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், கேட்கவில்லையென்றால் அந்த வீட்டுக் காபி வேண்டாம்.

பெண் பிள்ளை இருந்தால் இன்னொன்றும் வரும்: "வெளிய சொல்லிக்காதே, நாளைக்கு வரன் பாக்கணும்." என் மகள் அப்போது பிளஸ் டூ. மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம் வரைதான் பரம்பரை மரபணுவால் வருவது, ஆனால் நம் ஊரில் நூறு சதவீதம் என்றே பேசுவார்கள். சின்ன வயதிலேயே வந்திருந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மகளிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள், அவள் நான் நினைத்ததைவிட அதிகமாகப் பயந்து, அதைவிட நன்றாக மறைத்திருந்தாள்.

கணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து மாதம் பில் கட்டி, பஸ் பிடித்து, டிபன் வாங்கி அலைந்த மனிதர், முடிந்தது என்றதும் இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று நினைப்பார், நமக்கோ அப்போதுதான் பேச்சு வரும். அடகு வைத்த நகை ஞாபகம் வந்து நாமும் வாயை மூடிக்கொள்வோம். காசு ஒரு பெரிய குற்ற உணர்ச்சி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இனி வரப்போவதில் எதெல்லாம் அதில் வரும் என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுன்டரில் விசாரியுங்கள். ரயிலில் கேன்சர் நோயாளிகளுக்கான கட்டணச் சலுகை செக்கப் பயணத்துக்கும் உண்டு, ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழ் தருவார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் மொட்டைமாடியில் அரை மணி நேரம் கேன்சரைப் பற்றி மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு வாரம் இருவரும் கொசுதான் அடித்தோம். மூன்றாவது வாரம் அவர் அழுதார்.

படுக்கை விஷயம் எந்த டாக்டரும் தானாகக் கேட்பதில்லை. வடுவைக் காட்டக் கூச்சம், வறட்சி, வலி, மாத்திரையால் ஆசையே செத்துப்போவது, எல்லாம் சகஜம், எல்லாவற்றுக்கும் ஏதாவது செய்ய முடியும். பெண் டாக்டரிடமோ நர்ஸிடமோ நேரடியாகக் கேளுங்கள், ஹார்மோன் கலந்த க்ரீம் எதையும் கேன்சர் டாக்டரைக் கேட்காமல் பூசாதீர்கள்.

சோர்வா, சோகமா?

இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், இதில் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். சிகிச்சைக்குப் பிறகான களைப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட நீடிக்கும், தூங்கி எழுந்தாலும் போகாது. முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் எடுத்தவர்கள் தைராய்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதெல்லாம் சரியாக இருந்தால் மருந்து நடைதான், களைப்பாக இருக்கும்போது நட என்றால் எரிச்சல் வரும், தெரியும். தெருமுனை வரை போய்த் திரும்புவதில் ஆரம்பித்தேன். மறதியும் சேர்ந்து வரும். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன், 15 வருஷம் நடத்திய பாடத்தில் ஒரு பெயர் வரவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மெல்லத் தேறிவிடும், அதுவரை சட்டைப்பை நோட்டு.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை என்றால் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம். செத்துப்போனால் தேவலை என்று ஒரு தடவை தோன்றினாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது, மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகும்போது மாத்திரைச் சீட்டு முழுவதையும் கொண்டுபோங்கள். குறிப்பாக டமாக்சிஃபென் (இதுவும் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற ஹார்மோன் தடுப்பு மாத்திரைதான்) சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள், ஃப்ளூவோக்செடின், பராக்செடின் போன்றவை, உடம்பில் டமாக்சிஃபென் வேலை செய்வதைக் குறைக்கக்கூடும். அந்தத் தொந்தரவில்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

கீமோ வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாள் யாராவது ஒருவருடைய படத்துக்கு மாலை போட்டு வரும். எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊறுகாய் பகிர்ந்துகொண்டவர், அதே மருந்து, அதே டாக்டர். நான் ஏன் இருக்கிறேன் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது, தேட வேண்டாம். குரூப்பை மியூட் பண்ணுங்கள், தாங்கவில்லையென்றால் வெளியேறிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இதைப் படிப்பது நோயாளி இல்லை, வீட்டுக்காரர் என்றால்: "நல்லாதானே இருக்கே?" என்று கேட்காதீர்கள், அதற்கு ஆமாம் என்ற ஒரு பதில்தான் சொல்ல முடியும். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். செக்கப்புக்குக் கூடப் போங்கள். நானே போய்க்கிறேன், உங்களுக்கு எதற்கு லீவு என்பாள். வண்டியை எடுங்கள்.