சர்வர் டவுனா, நீங்கள் நிற்கிற இடம் சரியில்லையா? என்மேப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் சிஸ்டம் அட்மின் வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சீக்கிரமே கைக்குப் பழகிவிடும் கருவி என்மேப். ஃபியோடர் என்ற பெயரில் எழுதிய கார்டன் லயன் 1997 செப்டம்பரில் ஃபிராக் மின்னிதழில் சோர்ஸ் கோடோடு வெளியிட்டது. நெட்வொர்க்கில் என்னென்ன சர்வர் இருக்கிறது என்று பார்க்க இன்றைக்கும் டெர்மினலைத் திறந்து முதலில் அடிப்பது அதைத்தான். இதில் கமாண்டைத் தப்பாக அடித்து மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. திரையில் வந்ததைத் தப்பாகப் படித்து மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

எலக்ட்ரானிக் சிட்டியில் ஓர் ஆபீஸ். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற ஜூனியர் ஒருவர் சீனியரைக் கூப்பிடுகிறார்.

“அண்ணா, டேட்டாபேஸ் சர்வர் டவுன்னு காட்டுது.”

“எங்க உட்கார்ந்து அடிச்ச?”

“நம்ம ஃப்ளோர் வைஃபைல இருந்துதான்.”

“அதான் விஷயம். சர்வர் ரூம் வேற விலான்ல இருக்கு தம்பி. ஜம்ப் சர்வர்ல ஏறி அடிச்சுப் பாரு.”

நடந்தது இதுதான். விலான் என்பது ஒரே ஆபீஸ் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்து வைத்த பகுதி, ஜம்ப் சர்வர் என்பது அந்தப் பகுதிக்குள் நுழைய உதவும் இடைவழி மெஷின். ஒரே லேன் பிரிவுக்குள் இருந்தால் என்மேப் ஏஆர்பி (இந்த ஐபி முகவரி யாருடையது என்று லேனுக்குள் கேட்கும் முறை) மூலம் கேட்கும். பிங்கை, அதாவது ‘இருக்கிறாயா’ என்ற சின்னக் கேள்வியை, அடைத்து வைத்திருக்கிற மெஷின்கூட ஏஆர்பிக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதனால் யாரோடும் பேச முடியாது. வேறு விலானிலிருந்து கேட்டால் கதை வேறு. ரூட் (முழு நிர்வாகி) அனுமதியோடு ஓட்டும்போது ஒரு பிங், 443-ஆம் போர்ட்டுக்கு (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்தான் போர்ட்) இணைப்பு கேட்கும் ஒரு சின், 80-ஆம் போர்ட்டுக்கு ‘கிடைத்தது’ என்று சொல்லும் ஒரு ஆக், ஒரு டைம்ஸ்டாம்ப் கோரிக்கை என நான்கு பாக்கெட் போகும். நடுவில் உள்ள ஃபயர்வால் நான்கையும் விழுங்கிவிட்டால் சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தாலும் என்மேப்புக்கு அது இல்லாத மெஷின்தான். ஆகவே யாராவது ‘டவுன்’ என்று டிக்கெட் போட்டால் எந்த மெஷினிலிருந்து, எந்த சப்நெட்டிலிருந்து (முகவரிப் பிரிவிலிருந்து) ஸ்கேன் செய்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-க்குள் இருந்து அடிக்கிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வழக்கமான அமைப்பில் அது ‘நாட்’ என்ற முகவரி மாற்றும் அமைப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் ஆபீஸ் லேனில் ஏஆர்பி கேட்க அதனால் முடியாது.

இதைத் தெரிந்துகொண்டதும் அடுத்த தவறு தொடங்கும்: எல்லாவற்றுக்கும் மைனஸ் பிஎன் போடுவது. எல்லா மெஷினும் உயிரோடு இருப்பதாக வைத்துக்கொண்டு நேராக போர்ட்டுகளைப் பார் என்பதுதான் இதற்கு அர்த்தம். ஒரே ஒரு சர்வருக்கு இது அருமையான வழி. வேறு விலானில் உள்ள ஒரு முழு ஸ்லாஷ் 24 சப்நெட்டுக்கும் போட்டால் 256 முகவரியும் ‘அப்’ என்று வரும். அந்த எண்ணிக்கையை அப்படியே அசெட் பட்டியலில் ஏற்றிய எக்செல் ஷீட்டுகள் ஊரில் நிறைய உண்டு.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்திலும் கவனம் வேண்டும். மைனஸ் போட்டு எஸ், என் இரண்டையும் சின்ன எழுத்தில் அடித்தால் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கும், போர்ட்டைத் தொடாது. அதே ‘என்’ பெரிய எழுத்தானால் அது ‘நல்’ ஸ்கேன், அதாவது எந்தக் குறியும் இல்லாத வெற்றுப் பாக்கெட்டை அனுப்பிப் போர்ட்டைச் சோதிப்பது, முற்றிலும் வேறு வேலை.

இனி போர்ட்டுகள். எதுவும் சொல்லாமல் ஓட்டினால் என்மேப் 1,000 டிசிபி போர்ட்டுகளைப் பார்க்கும். பலர் இதை 1 முதல் 1,000 வரை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது அதிகம் புழக்கத்தில் உள்ள ஆயிரம் போர்ட்டுகளின் தொகுப்பு. டேட்டாபேஸ்களான ரெடிஸின் 6379-ம் மோங்கோடிபியின் 27017-ம் அதில் கிடையாது. இரண்டும் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்தால் வயிற்றைக் கலக்கும் சமாச்சாரங்கள், வழக்கமான ஸ்கேனிலோ கண்ணில் படவே படாது. 65,535-ஐயும் பார்க்க மைனஸ் பி போட்டு அதை ஒட்டி இன்னொரு மைனஸ் போட வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் மாதம் ஒருமுறையாவது செய்யத்தான் வேண்டும். டிசிபி போல முதலில் இணைப்பு ஏற்படுத்தாமலே தகவல் அனுப்பும் யூடிபி தனிக் கதை. மூடிய யூடிபி போர்ட்டுகளுக்கு லினக்ஸ் சுமார் நொடிக்கு ஒரு பதில்தான் அனுப்பும், அந்தக் கணக்கில் ஒரு மெஷினின் எல்லா போர்ட்டுக்கும் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்குவது), எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிப்பது), என்டிபி (நேரத்தைச் சரிசெய்வது) என்று தேவையான நாலைந்தை மட்டும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

8080 திறந்திருந்தால் பக்கத்தில் ‘எச்டிடிபி ப்ராக்ஸி’ என்று வரும். அதைப் பார்த்துவிட்டு “யாரோ ப்ராக்ஸி வச்சிருக்காங்க” என்று செக்யூரிட்டி டீமுக்கு மெயில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் அங்கே டெவலப்பர்களின் பில்ட் கருவியான ஜென்கின்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! வெறும் ஸ்கேனில் வரும் அந்தப் பெயர், போர்ட் எண்ணை வைத்து ஓர் அட்டவணையிலிருந்து எடுத்து ஒட்டியது, அவ்வளவுதான். நிஜமாக அங்கே யார் பேசுகிறார் என்று தெரிய மைனஸ் எஸ்வி வேண்டும்.

அந்த எஸ்வி சங்கதியில் ஒரு சுவாரசியம் உண்டு. என்மேப் வழக்கமாக 9100 முதல் 9107 வரையிலான போர்ட்டுகளுக்கு வெர்ஷன் கேள்விகளை அனுப்பாமல் தவிர்த்துவிடும். காரணம் பிரிண்டர்கள். 9100-இல் என்ன வந்தாலும் அச்சடித்துவிடும் பிரிண்டர்கள் உண்டு. வீராப்பாக ஆல்போர்ட்ஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டினால், மறுநாள் காலை அக்கவுண்ட்ஸ் பிரிவு பிரிண்டர் ட்ரேயில் புரியாத எழுத்துகளோடு காகிதம் குவிந்திருக்கும். பீன்யா பக்கம் தொழிற்சாலை நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும். இயந்திரங்களை இயக்கும் பழைய பிஎல்சி கன்ட்ரோலர்கள் சாதாரண ஸ்கேனுக்கே திணறி நின்றுவிடுவதுண்டு, அதோடு உற்பத்தி லைனும் நிற்கும். அந்தப் பிரிவை ஸ்கேன் பட்டியலிலிருந்தே விலக்கிவிடுவது நல்லது.

வேகம் வேண்டும் என்று அதிவேக ஆப்ஷனான டி5 போடுவதும் நம் ஊருக்குச் சரிப்படாது. டி5-இல் ஒரு பதிலுக்கு என்மேப் அதிகபட்சம் 300 மில்லிசெகண்ட்தான் காத்திருக்கும். 15 நிமிடத்தில் முடியாத ஹோஸ்டை அப்படியே விட்டுவிடும். இங்கிருந்து அமெரிக்க டேட்டா சென்டருக்குப் போய்த் திரும்பவே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது, அதில் விபிஎன் வேறு. கொஞ்சம் நெரிசலானாலும் திறந்த போர்ட் ‘ஃபில்டர்ட்’ என்று வரும். உள்ளூர் லேனுக்கு டி4 போதும், கடல் தாண்டினால் எதுவும் போடாமல் விட்டுவிடுங்கள்.

கண்காணிப்புக்கு என்மேப்பை வைத்துக்கொள்கிறவர்கள் ஓபன், க்ளோஸ்ட், ஃபில்டர்ட் மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. நேற்று ஓபனாக இருந்த 5432 (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் போர்ட்) இன்று க்ளோஸ்ட் என்றால், மெஷின் உயிரோடு இருக்கிறது, ‘இங்கே யாரும் இல்லை’ என்று அதுவே பதில் சொல்கிறது. அநேகமாக போஸ்ட்கிரெஸ் விழுந்திருக்கும், சர்வீஸைப் பாருங்கள். அதுவே ஃபில்டர்ட் என்றால் பதிலே வரவில்லை, அல்லது வழியில் ஃபயர்வால் தடுக்கிறது. அப்போது நெட்வொர்க் டீமை எழுப்ப வேண்டும், டேட்டாபேஸ் ஆளை அல்ல. ராத்திரி 2 மணிக்கு யாருக்கு போன் போவது என்பதை இந்த ஒரு சொல்தான் முடிவு செய்கிறது. இரண்டையும் சேர்த்து ‘டவுன்’ என்று ஒரே எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும் ஸ்கிரிப்டால் என்ன பயன்? ஓபன் என்பதையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 443-இல் கம்பீரமாக நின்றுகொண்டே வருகிறவர்களுக்கெல்லாம் 502 பிழை (பின்னால் உள்ள ஆப்பிடமிருந்து சரியான பதில் வரவில்லை) கொடுத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க டெர்மினலிலிருந்தே ஓடும் கர்ல் மாதிரி ஏதாவது ஒரு கருவி வெப் பக்கத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சர்வர் டவுனாக இருந்தாலும் என்மேப் தன் வேலையைச் சரியாக முடித்துவிட்டால் எக்ஸிட் கோட் (முடிந்ததும் திருப்பித் தரும் எண்) 0-தான், அதாவது வெற்றி. அதை மட்டும் பார்க்கும் மானிட்டர் எந்நாளும் பச்சை விளக்கே காட்டும். மைனஸ் ஓஎக்ஸ் போட்டு எக்ஸ்எம்எல்லாகச் சேமித்து, என்மேப்போடு வரும் என்டிஃப் கருவியால் நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிடுவது உருப்படியான வழி. அப்புறம், கரண்ட் போய் வந்த பிறகு டிஹெச்சிபி தானாகக் கொடுக்கும் முகவரிகள் மாறியிருக்கலாம். ஐபியை மட்டும் நம்பினால் சர்வர் இருந்த முகவரியில் யாரோ ஒருவருடைய மொபைல் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். சர்வர்களுக்கு நிலையான முகவரி கொடுங்கள். மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் சொந்த எண்) ஒரே லேனுக்குள் மட்டும், அதுவும் ரூட்டாக ஓட்டினால்தான் தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக அனுமதி. கோரமங்கலாவில் கோவொர்க்கிங் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘சும்மா பார்க்கலாமே’ என்று அந்த வைஃபை முழுவதையும் ஸ்கேன் செய்வது விளையாட்டல்ல, அது உங்கள் நெட்வொர்க் கிடையாது. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகள் கையாளுகின்றன. 66-இன் கீழ் 3 ஆண்டுவரை சிறையோ, 5 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, முக்கியமான நெட்வொர்க்குகளைக் குறிவைத்து நடக்கும் ஸ்கேனிங்கையும் நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் சொந்தக் கம்பெனியாகவே இருந்தாலும் எந்த சப்நெட், எந்த நேரம், எந்த மெஷினிலிருந்து என்று எழுதி மேனேஜரிடம் மெயிலில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன ‘சரி’ பிரச்சினை வந்தால் கைகொடுக்காது. கைப்பழக்கத்துக்குத்தான் என்றால் என்மேப் திட்டமே ஸ்கேன்மீ டாட் என்மேப் டாட் ஆர்க் என்ற மெஷினைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு நாளைக்குச் சில தடவை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், நூறு தடவை வேண்டாம் என்று அவர்களே அங்கே எழுதியிருக்கிறார்கள்.