தாயில்லாக் கழுதைக்குட்டியை இனத்தோடு சேர்த்த அனுபவம்

மசினகுடிக்கு அருகே ஒரு விலங்குக் காப்பகத்தில் நான் பணியாற்றியபோது, தாயை இழந்த 10 நாள் பெட்டைக்குட்டி ஒன்று என் பொறுப்பில் வந்தது. கழுதைப்பாலில் கொழுப்பு குறைவு, இனிப்பு அதிகம் என்பதால், கொழுப்பு குறைத்த பசும்பாலில் குளுக்கோஸைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் கலந்து, இரவும் பகலும் கொடுத்தோம். சாதாரணச் சர்க்கரை அந்த வயதில் செரிக்காது என்று அவர் எச்சரித்திருந்தார். உடல் தேறியது.

ஆனால் புட்டிப்பால் ஊட்டி, மடியில் உறங்கவிட்டதில், அது மனிதரையே தன் இனமாக எண்ணிவிட்டது. 3-ஆம் மாதத்தில் பின்னங்கால்களில் எழுந்து என் தோள்மீது குளம்புகளை வைத்தது. பால் தாமதமானால் கடித்தது. வளர்ந்தபின் இதே விளையாட்டு எலும்பை முறிக்கும், அதற்காக அடிபடப் போவதும் அதுதான் என்ற கவலை என்னை உறங்கவிடவில்லை.

புட்டியை நிறுத்தி, அகன்ற பாத்திரத்தில் பாலை வைத்துவிட்டு விலகினேன். சிறுத்தை நடமாடும் ஊர் என்பதால் இரவில் அடைக்கும் கொட்டிலில், மூங்கில் தடுப்புக்கு அப்பால் ஒரு முதிய பெட்டைக் கழுதையை நிறுத்தினோம். முதலில் மூலையில் ஒடுங்கிய குட்டி, 6-ஆம் நாள் தடுப்பின் இடுக்கில் அதன் மூச்சை முகர்ந்தது. தடுப்பை எடுத்ததும் குட்டி கடிக்கப் பாய, முதியவள் காதுகளைப் பின்னே மடக்கி, திரும்பி நின்று, பின்னங்காலைச் சற்றே தூக்கிக் காட்டினாள். குட்டி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிப் பணிந்தது. என்னிடம் அது ஒருநாளும் அப்படிப் பணிந்ததில்லை.

இப்போது நான் உள்ளே சென்றால், முதியவளின் விலாவை ஒட்டி நின்றபடியே, கழுத்தைச் சொறிந்துவிட மட்டும் தலையை நீட்டுகிறது.