கம்பைல் ஆனால் போதுமா? நிரலை வேறு இயங்குதளத்துக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸில் நன்றாக ஓடும் ஒரு டெஸ்க்டாப் நிரலை லினக்ஸுக்கோ மேக்குக்கோ கொண்டுபோகும்போது, பலரும் மூல நிரலை இயங்கும் நிரலாக்கும் கம்பைலர் காட்டும் பிழைகளை எண்ணித்தான் வேலையை அளக்கிறார்கள். நானூறு பிழை இருந்தது, நாற்பதானது, இன்று ஒன்றுகூட இல்லை, ஆக வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு. கம்பைலருக்குத் தெரிவது கிடைக்காத ஹெடர் கோப்புகளும் பெயர் தெரியாத ஃபங்ஷன்களும்தான். பழைய இயங்குதளத்தை நம்பி நிரலுக்குள் எடுத்த முடிவுகள் அதன் கண்ணில் படாது. பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், திறந்திருக்கும் கோப்பை யாராலும் அழிக்க முடியாது, சி மொழியின் லாங் எண் வகை என்றால் நான்கு பைட் என்பதையெல்லாம் யாரும் எங்கும் எழுதி வைப்பதில்லை. எழுதியவருக்கே அவை நினைவில் இருக்காது.

கோப்புகளில் ஒளிந்திருப்பவை

பாதையில் வருவது முன்சாய்கோடா பின்சாய்கோடா என்பதை எல்லோரும் ஞாபகமாகச் சரிசெய்துவிடுவார்கள். அது பெரிய விஷயமும் இல்லை, விண்டோஸின் பெரும்பாலான ஃபங்ஷன்கள் இரண்டையுமே ஏற்கும். சிக்க வைப்பது வேறு. வட்டில் ஐகான் கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும், நிரலில் அதையே சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது. மேக்கும் இயல்பான அமைப்பில் கண்டுகொள்ளாது. லினக்ஸ் மட்டும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லிவிடும். மேக்கில் ஓடிவிட்டது, லினக்ஸிலும் ஓடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

சேமிக்கும் முறையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். புது உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு அதற்குப் பழைய பெயரை வைப்பதுதான் பாதுகாப்பான வழக்கம். லினக்ஸிலும் மேக்கிலும் சி மொழியின் ரீநேம் ஃபங்ஷன் பழைய கோப்பை ஒரே மூச்சில் மாற்றிவிடும். விண்டோஸில் அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்த ஃபங்ஷன் தோற்றுப்போகும். ஆகவே லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்த நிரல் முதல் முறை சரியாகச் சேமிக்கும், இரண்டாம் முறை சேமிக்காது. சோதிக்கிறவர் ஒரே ஒரு முறை சேமித்துப் பார்த்திருந்தால் இது தெரியவே தெரியாது. எதிர்த்திசையில் ஆபத்து வேறு மாதிரி. விண்டோஸுக்காகப் பழையதை அழித்துவிட்டுப் பெயர் மாற்றும் நிரலை அப்படியே லினக்ஸுக்குக் கொண்டுபோனால், அந்த இரண்டு வேலைக்கும் நடுவில் மின்சாரம் போனால் பயனரின் கோப்பு அதன் இடத்தில் இருக்காது. லினக்ஸில் தேவையே இல்லாத ஒரு அபாயம் இது.

பெயர்களும் அப்படித்தான். லினக்ஸில் கோப்புப் பெயருக்குள் நேரத்தை '10:30' என்று முக்காற்புள்ளியோடு வைக்கலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் முக்காற்புள்ளிக்குத் தனி அர்த்தம் உண்டு: அதற்குப் பின்னால் வருவது அந்தக் கோப்போடு ஒட்டிய இன்னொரு தரவு ஓடையின் பெயர். 'அறிக்கை 10:30' என்று எழுதினால், 'அறிக்கை 10' என்ற காலிக் கோப்பு மட்டும் கண்ணில் படும். பிழைச் செய்தி வராமலும் போகலாம், அதுதான் இதில் மோசம்.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று, ஏகாரக் குறி, கால் என்று பிரித்து வைப்பது இன்னொன்று. திரையில் வித்தியாசம் தெரியாது. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். இப்போதைய ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும், ஆனால் இரண்டையும் ஒரே பெயராகப் பார்க்கும். லினக்ஸ் பொதுவாக பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும் என்பதால், ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கோப்பு' பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும். நிரலுக்குள் பெயர்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். கோப்பைத் திறக்கும்போது மட்டும் இயங்குதளம் தந்த பெயரை மாற்றாமல் அப்படியே பயன்படுத்துங்கள்.

நான்கு பைட்டா, எட்டு பைட்டா

64-பிட் விண்டோஸில் சி மொழியின் லாங் வகை நான்கு பைட். 64-பிட் லினக்ஸிலும் மேக்கிலும் எட்டு பைட். வைட் கேரக்டர் வகை விண்டோஸில் இரண்டு பைட், மற்ற இரண்டிலும் நான்கு. பல புலங்கள் சேர்ந்து நினைவகத்தில் இருக்கும் ஸ்ட்ரக்சரை அப்படியே வட்டில் கொட்டிச் சேமிக்கும் நிரல் என்றால், புதுப் பதிப்பு தன் கோப்புகளை மட்டும் அழகாகத் திறக்கும், பயனர் பல வருடமாகச் சேர்த்து வைத்தவற்றைக் குப்பையாகப் படிக்கும். நீளம் உறுதியான எண் வகைகளுக்கு மாறி, ஒவ்வொரு புலமாகப் படித்து எழுதுவதுதான் வழி. பழைய பதிப்பில் சேமித்த நிஜக் கோப்புகள் சிலவற்றைச் சோதனைத் தொகுப்பிலேயே வைத்துவிடுங்கள்.

தசமப் புள்ளியையும் நம்பிவிட வேண்டாம். லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில், ஜன்னலும் பட்டனும் அமைக்க உதவும் கருவித்தொகுப்புகளான க்யூடியும் ஜிடிகேயும் தொடங்கும்போதே பயனரின் வட்டார அமைப்பை எடுத்துக்கொள்ளும். ஜெர்மன் அமைப்பில் தசமத்துக்குக் காற்புள்ளி என்பதால், சி லைப்ரரியை வைத்து '3.14' என்பதைப் படித்தால் வெறும் 3 தான் கையில் வரும்.

திரையில் தெரிபவை

1990களின் நடுவில் மேக்குக்கு வந்த மைக்ரோசாஃப்ட் வேர்டு 6, விண்டோஸ் பதிப்போடு ஒரே மூல நிரலைப் பகிர்ந்துகொண்டது. வசதிகள் குறையவில்லை. ஆனால் மெதுவாக ஓடியது, நினைவகத்தைத் தின்றது, மேக் நிரல் மாதிரி நடந்துகொள்ளவும் இல்லை. பலர் பழைய 5.1 பதிப்பையே விடாமல் வைத்திருந்தார்கள். பிறகு ஆஃபீஸ் 98 வந்தபோது மைக்ரோசாஃப்ட் மேக்கின் பழக்கங்களுக்கு மரியாதை கொடுத்தது.

அந்தப் பழக்கங்கள் சின்னச் சின்னவைதான். விண்டோஸில் சரி பட்டன் இடப்பக்கம், ரத்து அதற்கு வலப்பக்கம். மேக்கில் சரி வலது ஓரத்தில் இருக்கும். மேக்கில் கடைசி ஜன்னலை மூடினாலும் பல நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். க்யூடி போன்ற கருவித்தொகுப்பு சிலவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும்: கன்ட்ரோல் விசையை மேக்கில் கமாண்ட் ஆக்கும், அதன் பட்டன் பெட்டியைப் பயன்படுத்தினால் வரிசையையும் மாற்றிவிடும். பட்டன்களை நாமே பிக்சல் கணக்கில் அடுக்கியிருந்தால் அந்த உதவி கிடையாது.

த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத் தொடர்) விஷயம் இதைவிட ஆழமானது. விண்டோஸில் எந்த த்ரெடும் தனக்கென்று ஜன்னல் திறந்து, அதற்கான செய்திகளைத் தானே கையாளலாம். மேக்கில் இடைமுக வேலை முழுக்க முதன்மை த்ரெடில்தான் நடக்க வேண்டும். மீறினால் எப்போதாவது ஒருமுறை நிரல் விழும், அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பின்னணி த்ரெட் எதுவும் திரையைத் தொடாதபடி பழைய இயங்குதளத்திலேயே மாற்றி, அங்கேயே சோதித்துவிட்டு, அப்புறம் கொண்டுபோங்கள்.

லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் புது முறையான வேலேண்டையும் மறந்துவிடக் கூடாது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடு 2016இலேயே அதை இயல்பாக்கியது. அதில் சாதாரண நிரல் தன் ஜன்னலைத் திரையின் குறிப்பிட்ட இடத்தில் வைக்க முடியாது, மற்ற ஜன்னல்களைத் தன் இஷ்டத்துக்குப் படம்பிடிக்கவும் முடியாது. இது பிழை இல்லை, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. படம்பிடிக்கப் பயனரிடம் அனுமதி கேட்கும் போர்ட்டல் வழி இருக்கிறது. ஜன்னல் இடத்தை நினைவில் வைக்கும் வசதியையோ பெரும்பாலும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

மாற்றும் வேலையிலேயே வரும் தவறு

இடத்துக்கு இடம் 'விண்டோஸ் என்றால் இது, லினக்ஸ் என்றால் அது' என்ற நிபந்தனைகளைத் தூவினால் சில மாதங்களில் யாருக்கும் புரியாத நிரல் மிஞ்சும். இயங்குதளத்தோடு பேசும் வேலைகளை ஓரிரு கோப்புகளுக்குள் அடைத்துவிட்டால், படிக்க வேண்டியதும் அவற்றை மட்டும்தான். போகிற போக்கில் புது வசதி சேர்ப்பதும் தரவு வடிவத்தை மாற்றுவதும் இன்னும் மோசம். ஏதாவது உடைந்தால், உடைத்தது இயங்குதளமா புது வசதியா என்று சொல்ல முடியாமல் போகும். சில நிரல்களுக்கு முழு மாற்றமே தேவைப்படாது. கூகுள் 2006இல் பிக்காசா என்ற படத்தொகுப்பு நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவந்தபோது, விண்டோஸ் நிரலை, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைனோடு சேர்த்துத்தான் கொடுத்தது.

பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுவது, நிரலைப் பயனரிடம் சேர்க்கும் விநியோக வேலையை. மேக்கில் 2019இன் கேட்டலினா பதிப்பு முதல், ஆப் ஸ்டோருக்கு வெளியே தரும் நிரலையும் ஆப்பிளிடம் அனுப்பிச் சரிபார்ப்பு முத்திரை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பயனர் சந்திக்கும் முதல் விஷயமே ஒரு எச்சரிக்கைப் பெட்டியாக இருக்கும். லினக்ஸில் புத்தம் புது வெளியீட்டில் கம்பைல் செய்த நிரல், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் பழைய பதிப்பு இருக்கும் கணினியில் தொடங்கவே மறுக்கலாம். ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய வெளியீட்டில் கம்பைல் செய்யுங்கள், அல்லது ஃபிளாட்பேக் மாதிரி தேவையான லைப்ரரிகளோடு சேர்த்துக் கொடுங்கள். எந்த வழியானாலும், நிரலாக்கக் கருவி எதுவும் நிறுவாத ஒரு சுத்தமான கணினியில், நிர்வாகி அனுமதி இல்லாத கணக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.