மணி அடித்ததும் கதவைத் திறக்காதீர்கள்

நியூஜெர்சி எடிசனில் எங்கள் வீட்டில் நாலு பேர். மகள் இங்கே பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள். அத்தையின் மூத்த மகன் குடியுரிமை வாங்கியவர், அதனால் அத்தைக்குக் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. நானும் கணவரும் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறோம். குடியேற்ற அதிகாரி வந்தால் யார் என்ன செய்யவேண்டும் என்று நாங்கள் பேசி வைத்திருப்பதைச் சொல்கிறேன்.

கதவு விஷயத்தில் நாலு பேருக்கும் ஒரே உரிமைதான். மணி அடித்தால் அத்தை "யாருப்பா?" என்று கேட்டுக்கொண்டே திறந்துவிடுவார். இப்போது கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார். வாரண்டைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லுங்கள். எங்கள் முகவரியும் நீதிபதியின் கையெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ-200, ஐ-205 என்ற குடியேற்றத்துறை வாரண்டுகளில் கையெழுத்திடுவது குடியேற்ற அதிகாரிதான், நீதிபதி அல்ல. அதைக் காட்டினால் திறக்கவேண்டாம். மீறி நுழைந்தால் தடுக்காதீர்கள். "நான் சம்மதிக்கவில்லை" என்று மட்டும் உரக்கச் சொல்லுங்கள்.

தெருவில் கதை வேறு. மகள் எந்த அடையாள அட்டையும் இல்லாமல் நடக்கலாம். 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். அத்தை கிரீன் கார்டை எடுத்துச்செல்கிறார். நாங்கள் ஐ-94 என்ற நாட்டுக்குள் வந்த பதிவுத் தாளை அச்செடுத்துப் பர்சில் மடித்து வைத்திருக்கிறோம். மற்ற கேள்விகளுக்கு மௌனமாக இருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் பயத்தில்கூட "நான் குடிமகன்" என்று பொய் சொல்லிவிடாதீர்கள். பிறகு கிரீன் கார்டு கனவையே மறக்கவேண்டியதுதான்.

விமான நிலையத்தில்தான் எனக்கு அத்தையைப் பற்றிக் கவலை. திருநெல்வேலியில் ஆறு மாதத்துக்குமேல் தங்கிவிட்டுத் திரும்பினால் கேள்விகள் வரும். ஐ-407 என்ற தாளை நீட்டலாம். கிரீன் கார்டை விட்டுக்கொடுக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். கையெழுத்துப் போடவேண்டாம், நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்று கேட்கவேண்டும். அந்த உரிமை அவருக்கு உண்டு. எங்களைப் போன்ற விசாக்காரர்களை அங்கிருந்தே திருப்பி அனுப்ப முடியும். மகளை உள்ளே விட மறுக்க முடியாது.

குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துத் தரும். குடியேற்ற நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நம் செலவில். அதனால் இப்போதே ஒருவரைப் பார்த்து வையுங்கள். அப்புறம், கிரீன் கார்டில் உள்ள ஒன்பது இலக்க எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். யாரையாவது பிடித்துச்சென்றால் அந்த எண்ணும் பிறந்த நாடும் இருந்தால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இணையத்தில் தேடலாம். அத்தையின் எண்ணும் வக்கீலின் போன் நம்பரும் என் மகளுக்கு மனப்பாடம்.