போருக்குப் பிந்தைய நாவலில் ஆண்களை வாசிப்பது எப்படி

முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய தலைமுறையைப் பற்றிய கதைகளை எடுத்தால், பெரும்பாலானவர்கள் விரக்தியை வசனத்தில் தேடுகிறார்கள். யாராவது ஒருவன் குடித்துவிட்டு வாழ்க்கையே வீண் என்று சொல்வான், அதற்குக் கீழே கோடு போட்டுவிடலாம் என்று காத்திருக்கிறார்கள். நல்ல எழுத்தாளர்கள் அந்த வசனத்தை எழுதுவதே இல்லை. எழுதினாலும் நம்பத்தகாத ஒருவன் வாயில்தான் வைப்பார்கள். ஆகவே நான் யாருக்கு வாசிக்கக் கொடுத்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்புவேன்: 'நீ ஆம்பளைதானா?' என்று இந்தக் கதையில் இன்னும் அளந்துகொண்டிருப்பவர் யார்? அந்த ஆளைக் கண்டுபிடித்தால் மீதிக் கதை தானாகத் திறக்கும்.

கேள்வி வேலை செய்ய, கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1914 ஆகஸ்டில் இங்கிலாந்தில், படையில் சேராத இளைஞர்களின் கையில் பெண்கள் வெள்ளை இறகைத் திணிக்கும் வழக்கம் தொடங்கியது. இறகு என்றால் கோழை என்று பொருள். தொடங்கிவைத்தவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர். போருக்குப் போனால் ஆண், போகாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது. அப்புறம் 1916 ஜூலை 1, பிரான்சின் சோம் போர்முனை. ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதில் 19,240 பேர் செத்தார்கள். மைல் கணக்கான தூரத்திலிருந்து வந்து விழும் பீரங்கிக் குண்டுக்கு வீரன் யார், கோழை யார் என்று தெரியாது. துணிச்சலுக்கும் உயிர் பிழைப்பதற்கும் இருந்த தொடர்பு அறுந்தது அங்கேதான். ஆனால் ஊரில் இருந்தவர்களின் அளவுகோல் மட்டும் அப்படியே இருந்தது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? நாவலை வைத்துவிட்டு முதலில் ஒரு சிறுகதை. ஹெமிங்வேயின் 'சோல்ஜர்ஸ் ஹோம்', 1925. ஒரே மூச்சில் முடித்துவிடலாம். தொடக்கத்தில் இரண்டு புகைப்படங்கள் வரும், அங்கேயே நில்லுங்கள். முதல் படத்தில் கதைநாயகன் கிரெப்ஸ் கல்லூரித் தோழர்களோடு நிற்கிறான், எல்லோரும் ஒரே உயரமுள்ள, ஒரே மாதிரியான காலர் அணிந்திருக்கிறார்கள். இரண்டாவதில் ரைன் நதிக்கரையில் ஒரு சக வீரனோடும் இரண்டு ஜெர்மன் பெண்களோடும் நிற்கிறான். சீருடை உடம்புக்குப் பற்றவில்லை, பெண்கள் அழகாக இல்லை, ரைன் நதி படத்தில் தெரியவே இல்லை. போர் ஒருவனை ஆணாக்கும் என்ற வாக்குறுதியை ஹெமிங்வே இந்த இரண்டு படங்களிலேயே உடைத்துவிடுகிறார், விளக்கமாக ஒரு வரிகூட இல்லை.

அடுத்து அவன் பொய்களைக் கவனியுங்கள். அவன் 1919 கோடையில்தான் ஊர் திரும்புகிறான். அதற்குள் வரவேற்பெல்லாம் முடிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் கேட்க ஆளில்லை. ஆகவே மற்ற வீரர்கள் கண்டதையும் செய்ததையும் தன்னுடையதாகச் சொல்லத் தொடங்குகிறான். சின்னச் சின்னப் பொய்கள்தான். ஆனால் அதன் பிறகு போரில் உண்மையாகவே நன்றாகச் செய்த காரியங்களும் அவனுக்குக் குமட்டத் தொடங்குகின்றன. இங்கே அளப்பவர் யார்? அம்மா. அவனுக்கு வேலை வேண்டும், அவன் வயதுப் பையன்கள் நிலைபெற்றுவிட்டார்கள் என்கிறாள். பிறகு அழுகிறாள், மண்டியிட்டுப் பிரார்த்திக்கிறாள். அவள் கெட்டவள் இல்லை என்பதுதான் கதையின் கொடுமை.

இதே கேள்வியோடு வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே'வுக்குப் போங்கள், அதுவும் 1925தான். கதை நடப்பது 1923 ஜூனில் ஒரே நாளில். முதல் வாசிப்பில் போரிலிருந்து திரும்பிய செப்டிமஸ் வரும் பகுதிகளை மட்டும் தொடர்ந்து படித்தாலும் தப்பில்லை. இலக்கிய ஆசிரியர்கள் திட்டினால் திட்டட்டும். முதல் ஆட்களில் ஒருவனாகத் தானே முன்வந்து படையில் சேர்ந்தவன் அவன். நண்பன் எவன்ஸ் இத்தாலியில் செத்தபோது, தனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லையே என்று தன்னையே மெச்சிக்கொள்கிறான். அந்த வரியைத் தவறவிடாதீர்கள். உணர்ச்சியை விழுங்குவதுதான் ஆண்மை என்ற பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவன் அவன்; அந்த மதிப்பெண்தான் அவனைக் கொல்கிறது. அவன் ஜன்னலிலிருந்து குதிக்கும்போது டாக்டர் ஹோம்ஸ் கத்துவது 'கோழை' என்று! அளப்பவர் இங்கே மருத்துவர். பிரிட்டிஷ் இராணுவம் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக்கொன்ற 306 பேருக்கு அரசு மன்னிப்பு வழங்கியது 2006இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

இப்போது பெரியது: ஹெமிங்வேயின் நாவல் 'தி சன் ஆல்சோ ரைசஸ்', 1926. பாரிஸ் குடிக்கூடங்களும் ஸ்பெயினின் பாம்ப்லோனா காளைப்போரும் கண்ணைப் பறிக்கும். முதல் வாசிப்பில் பறிக்க விடுங்கள். இரண்டாவதில் பென்சிலோடு நான்காம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். இத்தாலியப் போர்முனையில், கதையைச் சொல்லும் ஜேக் பார்ன்ஸுக்குப் பட்ட காயம் அவனுடைய ஆண்மையையே எடுத்துவிட்டது. எப்படிப்பட்ட காயம் என்று அவன் கடைசிவரை நேராகச் சொல்வதில்லை. ஒரு இரவு தனியாக அறைக்கு வருகிறான். முதலில் வங்கிக் கணக்கைப் பார்க்கிறான்: 2432 டாலர் 60 சென்ட். எழுதிய காசோலைகளைக் கழித்தால் 1832 டாலர் 60 சென்ட். பிறகுதான் உடை களைந்து கண்ணாடி முன் நிற்கிறான். நின்றதும் முதலில் யோசிப்பது பிரெஞ்சுக்காரர்கள் அறையில் அலமாரி வைக்கும் விதத்தைப் பற்றி. பேச்சை மாற்றுவதில் அவனுக்கு இணை கிடையாது. எங்கெல்லாம் விலை, பில், மதுவின் பெயர், ஊர் வழி என்று துல்லியம் திடீரென்று கூடுகிறதோ, அங்கெல்லாம் எதையோ மறைக்கிறான். ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். புத்தகம் முடியும்போது அவனுடைய வலியின் வரைபடம் கையில் இருக்கும்.

இங்கே அளப்பவரைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம், ஏனென்றால் அளப்பவனையே கூட்டம் சேர்ந்து அடிக்கிறது. அவன் ராபர்ட் கோன், பிரின்ஸ்டனில் குத்துச்சண்டை சாம்பியன். காதல், மானம், சண்டை என்று பழைய பாடத்தை இன்னும் நம்புகிறவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் அவனை வெறுப்பது தாங்கள் இழந்த நம்பிக்கையை அவனிடம் பார்ப்பதால்தான் என்பது என் கட்சி. அதற்காக இன்னொன்றைக் கண்டும் காணாமல் போக வேண்டாம்: அவன் யூதன் என்பதை வைத்து மற்ற பாத்திரங்கள் உமிழும் வெறுப்புக்கு நாவலும் ஓரளவு உடந்தை.

காளைப்போர் வீரன் ரொமேரோ வந்ததும் ஏமாந்துவிடாதீர்கள். பத்தொன்பது வயது, கச்சிதமான உடல், எத்தனை முறை அடிபட்டு விழுந்தாலும் எழுகிறான். இதோ உண்மையான ஆண் என்று தோன்றும். அவனைக் கெடுக்காமல் காப்பாற்ற வேண்டும் என்பது விடுதிக்காரர் மொன்டோயாவின் கவலை. அந்த மொன்டோயா மதித்த வெளிநாட்டவன் ஜேக். அவனே ரொமேரோவை, தான் காதலிக்கும் பிரெட் என்ற பெண்ணிடம் சேர்த்துவைக்கிறான். கிளம்பும் நாளில் மொன்டோயா அருகில்கூட வருவதில்லை, பில்லைப் பணிப்பெண் கொண்டுவருகிறாள். நாவலிலேயே மிகப் பெரிய அவமானம் இது. ஜேக் அதைப் பற்றிப் புலம்புவதே இல்லை.

ஆண்களை முடித்ததும் பிரெட்டுக்காக ஒருமுறை தனியாகப் புரட்டுங்கள். ஆண்களைச் சீரழிப்பவள் என்று அவளைச் சொல்லும் விமர்சனங்கள் ஏராளம். ஆனால் அவள் போரில் செவிலியாக இருந்தவள். காதலித்தவன் போரில் வயிற்றுக்கடுப்பில் செத்தான். கடற்படையிலிருந்து திரும்பிய கணவன் கட்டிலில் படுக்காமல் அவளையும் தரையில் படுக்கவைத்தான், குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு தூங்கினான். அவன் தூங்கியதும் அவள் குண்டுகளை எடுத்துவிடுவாள். இதைச் சொல்பவன் அவளை மணக்கவிருக்கும் மைக், பேச்சுவாக்கில் சில வரிகளில். அந்த வரிகளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். வைத்துவிட்டு, அவளைப் பற்றி நாவலில் ஆண்கள் சொல்லும் ஒவ்வொரு தீர்ப்பையும் மறுபடி படியுங்கள்.